பழைய காரும் பட்டறைக் கைகளும்

தலைநகரில் வாழும் நேயர்கள், குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பழைய மோட்டார் கார்கள் வரிசையாக அணிவகுத்துச் செல்லும் காட்சியைக் கண்டிருக்கக்கூடும். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளேடு 1964ஆம் ஆண்டில் டில்லியிலும், 1968ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும் தொடங்கிவைத்த பவனி அது. அதில் பல முறை கலந்துகொண்ட வண்டிகளுள் ஒன்று, கார் அன்று; ஒரு தீயணைப்பு வண்டி. இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த சால்போர்டு நகரில், ஜான் மாரிஸ் நிறுவனத்தார் 1914ஆம் ஆண்டில் செய்தளித்தது. ஹைதராபாத் நிஜாமின் ரயில்வேயில் நெடுங்காலம் ஊழியம் செய்து ஓய்ந்தபின், புது டில்லியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தின் உடைமையாயிற்று.

இத்தகைய வண்டி ஒன்று கடந்து செல்லும்போது, கூடியிருப்போர் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். இது எந்த நாட்டு வண்டி? யாருக்குச் சொந்தமானது? இரண்டுக்கும் விடை வண்டியின் முன்னால் வைத்த அட்டையில் எழுதப்பட்டிருக்கும். மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு; அதனைக் கேட்பவர் மிகச் சிலர். நூறு ஆண்டு கடந்த யந்திரத்தை இன்றும் ஓடவைத்தவர் யார்? அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மோட்டார் கார் நம் நாட்டுக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில். அக்காலத்தில் கார் என்பது முழு வடிவில் விற்கப்படும் பொருளாக எப்போதும் இருந்ததில்லை. சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்தையும் யந்திரத்தையும் ஒரு தொழிற்சாலை செய்து அனுப்பும். அதன்மேல் அமரும் கூட்டினை, வாங்குவோர் விருப்பப்படி, வேறொரு நிறுவனத்தார் கட்டித் தருவர். அவ்வாறு கூடு கட்டித் தந்தவர்கள், அதுகாறும் குதிரை வண்டிகள் கட்டிவந்தவர்களே ஆவர். கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் அத்தகைய நிறுவனங்கள் இருந்தன. சென்னையில் 1840ஆம் ஆண்டு தோன்றிய சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டிகளும் ரயில் பெட்டிகளும் கட்டிப் பெயர் பெற்றது. அந்நிறுவனத்திலேயே 1903ஆம் ஆண்டில், சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்து காட்டினார்.

ஆகவே நம் நாட்டின் முதல் மோட்டார்த் தொழிலாளர்களை வானத்திலிருந்து வந்தவர்களாகக் கருத வேண்டுவதில்லை. சக்கரத்துக்கு ஆரக்கால் பூட்டிய தச்சரும், இரும்புப் பட்டை அடித்த கொல்லரும், தோல் தைத்தவரும், வண்ணம் பூசியவருமே அவர்கள். புதிதாக வந்த யந்திரத்தை அவர்கள் தம் பழைய கருவிகளோடு அணுகினர். பிரித்துப் பார்த்தும், பூட்டிப் பார்த்தும், தவறு செய்து திருத்தியும் கற்றனர். அவர்களுடைய பாடப் புத்தகம் அந்த யந்திரமேயாகும்.

கற்ற வித்தையைக் கூர்மையாக்கியது பற்றாக்குறை. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அப்போது மரக்கரியை எரித்து, அதிலிருந்து எழும் வாயுவால் வண்டியை ஓட்டும் முறை பரவியது. மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் அத்தகைய கரிவாயுக் கலங்களைச் செய்து அளித்தனர். வண்டியின் பின்புறம் அடுப்பைச் சுமந்துகொண்டு புறப்பட்ட கரிவாயு பஸ்களைப் பற்றிப் பாட்டனார் சொல்லக் கேட்டவர்கள் நம்மில் பலர்.

சுதந்திரத்தின் பின்னர் வந்தது வேறு விதமான பற்றாக்குறை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928ஆம் ஆண்டு முதல் பம்பாயில் கார்களைப் பொருத்தி விற்றுவந்தது. போர்டு நிறுவனமும் நம் நாட்டில் அவ்வாறே செய்துவந்தது. உறுப்புகளை இங்கேயே தயாரிக்கும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் விலக வேண்டும் என்ற கொள்கையை 1953ஆம் ஆண்டில் அரசாங்கம் மேற்கொண்டது. அதனையொட்டி இவ்விரு நிறுவனங்களும் இந்தியாவை விட்டு அகன்றன. 1942இல் தோன்றி, பின்னர் வங்காளத்து உத்தர்பாராவில் நிலைகொண்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1944இல் பம்பாயில் தோன்றிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், 1948இல் சென்னையில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் ஆகிய மூன்றுமே கார் உற்பத்தியில் முதன்மை பெற்றன. புதுக் காருக்குப் பெயர் பதிந்து ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. வெளிநாட்டு உறுப்புகளை இறக்குமதி செய்வதும் அரிதாயிற்று.

ஆனால் சாலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த போர்டும், செவர்லேயும், ஆஸ்டினும் நின்றுவிடவில்லை. உடைந்த பல்சக்கரத்தை மாதிரியாக வைத்து, பட்டறைக்காரர் லேத்தில் புதிதாகக் கடைந்தார். தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து, அதனுள் உறை இறக்கினார். கல்கத்தாவின் மல்லிக் பஜார், பம்பாயின் சோர் பஜார், டில்லியின் காஷ்மீரி கேட், சென்னையின் புதுப்பேட்டை ஆகிய இடங்களில், பிரித்த கார்களின் உறுப்புகள் மலை போல் குவிந்தன. ஒரு வண்டியின் முடிவு இன்னொரு வண்டிக்கு வாழ்வாயிற்று. இன்று அந்தக் கடைத்தெருக்களின் வழியே நடந்து செல்லும் தமிழர்கள், அவற்றை வெறும் பழைய இரும்புக் கடைகள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு தலைமுறைக் காலம் நாட்டின் மோட்டார் வண்டிகளுக்கு அவை மருந்துக் கடைகளாக இருந்தன.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்கலாகாது. வண்டியை எப்படியேனும் ஓடவைக்க வேண்டும் என்ற முயற்சி, அதன் உருவத்தைப் பல முறை சிதைக்கவும் செய்தது. அமெரிக்கக் காருக்குள் லாரியின் டீசல் யந்திரம் புகுந்தது. பழைய விளக்குகளுக்குப் பதில் அம்பாஸடர் விளக்குகள் ஏறின. கிடைக்காத கார்புரேட்டருக்குப் பதில் கிடைத்தது எதுவோ அது பொருத்தப்பட்டது. அன்றைய தேவை அது; குறை கூறுவதற்கில்லை. ஆனால் பின்னாளில் அந்த வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்புவோருக்கு, எது மூலம், எது இடைச்செருகல் என்று பிரித்தறிவதே பெரும்பாடாயிற்று.

இதற்கிடையில் சமஸ்தானங்களின் கார்க் கொட்டடிகள் கலையத் தொடங்கின. மன்னர்களுக்குரிய மானியம் 1971ஆம் ஆண்டில் அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் பல கார்கள் சொற்ப விலைக்கு விற்கப்பட்டன. பல கடல் கடந்தன. கல்கத்தாவில் வாழ்ந்த மாத்யூசன் என்னும் செல்வர், 1910ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புரூக் நிறுவனத்தாரிடம் அன்னப்பறவை வடிவில் ஒரு கார் செய்வித்தார். அதன் கண்கள் ஒளிரும்; அலகு நீராவியைச் சீறும். பின்னர் அது நாபா மன்னரின் உடைமையாயிற்று. 1991ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் லௌமன் அருங்காட்சியகத்தாரிடம் சேர்ந்து, அங்கே செப்பனிடப்பட்டது. கல்கத்தா வீதிகளை வியக்கவைத்த அந்த அன்னத்தைக் காண இன்று ஹேக் நகரத்துக்குச் செல்ல வேண்டும். நம் நாட்டில் நிலைத்த கார்களும் உண்டு. ஆமதாபாத்தை அடுத்த கட்வாடாவில் பிராண்லால் போகிலால் திரட்டிய தொகுதியும், கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அவர்களின் மரபில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகமும் காணத்தக்கவை.

இனி, பட்டறைக்குள் நுழைவோம். பழுது பார்ப்பது வேறு. பழமையை மீட்பது வேறு. பழுது பார்ப்பவருக்கு வண்டி ஓடினால் போதும். மீட்பவருக்கு அது எவ்வாறு ஓடியதோ அவ்வாறே ஓட வேண்டும்.

யந்திரத்தின் உள்ளே கிராங்க் தண்டு சுழலும் இடத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய கார்களில், தேய்ந்த பேரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடையில் வாங்கிய மெல்லிய புதுப் பேரிங்கை வைத்துவிடலாம். 1920களின் காரில் அது இயலாது. அதில் வெள்ளீயத்தோடு ஆண்டிமனியும் செம்பும் கலந்த ‘ஒயிட் மெட்டல்’ என்னும் கலவை உலோகத்தை உருக்கி ஊற்றியிருப்பார்கள். ஐசக் பாபிட் என்னும் அமெரிக்கர் 1839ஆம் ஆண்டில் கண்ட கலவை இது. அதனை ஊற்றுமுன், அடிப்பாகத்துக்கு ஈயம் பூச வேண்டும். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர், முதலில் பாத்திரத்தைத் துலக்கிச் சூடேற்றி, நவச்சாரம் தூவித் துடைப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அதே வேலைதான். துளி அழுக்கு இருந்தாலும் உலோகம் பற்றாது.

ஊற்றி ஆறியபின், தண்டின்மேல் நீலச் சாயத்தை மெல்லியதாகத் தடவி, உரிய இடத்தில் பொருத்திச் சுழற்றிப் பார்ப்பார்கள். மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்த மேடுகளை சுரண்டி கொண்டு இழைத்து, மீண்டும் நீலம் தடவி, மீண்டும் இழைத்து, பரப்பு முழுவதும் சீராக நீலம் படியும்வரை இவ்வேலை தொடரும். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு உலோகம் வரும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. கைக்குத்தான் அது தெரியும்.

கூட்டின் வேலையும் அத்தகையதே. பழைய கார்களின் தகட்டுக்குள்ளே மரச்சட்டம் இருக்கும். இங்கிலாந்தில் வளைந்துகொடுக்கும் ஆஷ் மரத்தைப் பயன்படுத்தினர்; நம் நாட்டில் மாற்றும்போது தேக்கு உதவியது. அலுமினியத் தகட்டை மணல் மூட்டையின்மேல் வைத்து, கொட்டாப்புளியால் தட்டித் தட்டிக் குவிவாக்கிச் சட்டத்தின்மேல் போர்த்துவார்கள். வண்ணம் பூசுவதில் காலந்தோறும் முறை மாறியது. ஆதியில் எண்ணெய் வார்னிஷைப் பல பூச்சுகளாகப் பூசி, ஒவ்வொன்றையும் காயவைத்துத் தேய்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘டூகோ’ என்னும் விரைவில் காயும் பூச்சு காருக்கு வந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் ‘டூகோ பெயிண்ட்’ என்ற சொல் அதன் வழியாக வந்ததே.

திருகாணியில்கூட வரலாறு உண்டு. ஜோசப் விட்வொர்த் 1841ஆம் ஆண்டில் வகுத்த பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஒன்றில் மற்றொன்றை வலிந்து முறுக்கினால் மரை அழிந்து போகும். நல்ல பட்டறையில் ஸ்பானர்கள் வெவ்வேறு பெட்டிகளில் இருப்பதன் காரணம் இதுவே.

இவ்வளவு உழைப்புக்குப் பின் பளபளவென்று நிற்கும் காரைக் கண்டால் யாருக்கும் மகிழ்ச்சி பிறக்கும். ஆனால் அந்தப் பளபளப்பைப் பற்றித்தான் ஒரு வினா எழுகிறது. எவ்வளவு புதுப்பிக்கலாம்?

இவ்வினாவை நான் என் சொந்த அனுபவத்தால் கற்றேன். என் தந்தையார் உத்தியோக நிமித்தம் சென்னையிலிருந்து பம்பாய்க்குக் குடிபெயர்ந்தபோது, தம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தாமே ஓட்டிக்கொண்டு வந்தார். ஹெரால்டு, சென்னையில் 1961ஆம் ஆண்டு முதல் தயாரான சிறு கார். வழியில் பெங்களூர், ஹூப்ளி, கோலாப்பூர், பூனா என்று ஒவ்வோர் ஊரையும் அடைந்த நேரத்தையும், மீட்டர் காட்டிய மைல் கணக்கையும், டாஷ்போர்டுப் பெட்டி மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். அவர் காலமானபின் அந்தக் காரை ஒரு பட்டறையில் ஒப்படைத்தேன். “புதிது போல் ஆக்கிக் கொடுங்கள்” என்று சொன்னேன். சொன்னதை அவர்கள் குறையில்லாமல் செய்தார்கள். கார் திரும்பி வந்தபோது கண்ணாடி போல் மின்னியது. பெட்டியைத் திறந்தேன். மூடியின் உட்புறமும் தேய்த்து வண்ணம் பூசப்பட்டிருந்தது. பட்டறையின்மேல் பிழையில்லை. எதைத் தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை, நானே அறிந்திருக்கவில்லை.

ஏட்டுச் சுவடியைப் பதிப்பிக்கும் நல்ல ஆசிரியர், செல்லரித்த இடத்தில் தம் கற்பனையை நிரப்பமாட்டார். அவ்விடத்தில் புள்ளியிட்டுக் காட்டுவார். பழைய பொருளை மீட்பவருக்கும் இந்த அடக்கம் வேண்டும். உலக நாடுகளின் பழைய வாகனச் சங்கங்கள் 1966ஆம் ஆண்டில் ‘பீவா’ என்னும் சம்மேளனத்தை அமைத்தன. அச்சம்மேளனம் 2012ஆம் ஆண்டில் ‘டூரின் சாசனம்’ என்னும் நெறிகளை ஏற்றது. இருப்பதைக் காப்பதே முதல் கடமை, புதுப்பித்தல் அதற்கு அடுத்தபடியே, செய்த மாற்றங்களை எழுதிவைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நம் நாட்டுச் சட்டமும் இதனைக் கருத்தில் கொண்டது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் ‘வின்டேஜ்’ என்னும் தனித் தகுதியை அளித்தன. சேஸிஸிலும், கூட்டிலும், யந்திரத்திலும் பெரும் மாற்றம் செய்யாததாக வண்டி இருக்க வேண்டும் என்று அவை கூறின. புதுப் பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000 எனக் கட்டணம் விதித்தன. நாள்தோறும் ஓட்டுவதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் அத்தகைய வண்டியைப் பயன்படுத்தலாகாது என்றும் வரையறுத்தன.

சாசனமும் சட்டமும் சொல்வதை நம் பாட்டிமார் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கின்றனர். “ஈயம் பூசினாற்போலவும் இருக்க வேண்டும், பூசாதது போலவும் இருக்க வேண்டும்” என்பது நம் பழமொழி. இரண்டையும் ஒருங்கே கேட்பவரைக் கேலி செய்யவே இதனைச் சொல்வதுண்டு. ஆனால் பழைய கார் விஷயத்தில் இதுவே சரியான அளவுகோல். யந்திரம் சீராக ஓட வேண்டும். பிரேக் பிடிக்க வேண்டும். துரு பரவாமல் நிற்க வேண்டும். அதே வேளையில், தேய்ந்த மிதிகட்டையும், நிறம் மங்கிய தோலும், யாரோ ஒருவர் கையெழுத்தும் தம் இடத்தில் இருக்க வேண்டும். அந்த நடுவழி தெரிந்தவரே தேர்ந்த தொழிலாளி.

அத்தகைய தொழிலாளர் இன்னும் எத்தனை நாள் கிடைப்பார்கள்? உத்தர்பாராவில் அம்பாஸடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றது. மும்பையில் கடைசியாகப் பதிவான பிரீமியர் பத்மினி டாக்ஸி, 20 ஆண்டு வரம்பு முடிந்து, 2023ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் சாலையை விட்டு விலகியது. நேற்றுவரை தெருமுனையில் நின்ற வண்டிகளும் வரலாற்றுப் பொருள்களாகிவிட்டன. அவற்றின் நோய் அறிந்த மெக்கானிக்குகளுக்கோ வயதாகிறது. கம்ப்யூட்டரைப் பூட்டிப் பழுதைக் கண்டறியும் இளைஞருக்கு, காதை வைத்துக் கேட்டு வால்வு இடைவெளியைச் சொல்லும் வித்தை தேவைப்படுவதில்லை. ஆகவே அவர் அதைக் கற்கவும் இல்லை.

என் ஹெரால்டையே சான்றாகக் கூறுவேன். வண்ணப்பூச்சுக்குப் பின் சில மாதங்களில் அதன் முன்சக்கரங்கள் திரும்ப மறுத்தன. வயது முதிர்ந்த வேறொரு மெக்கானிக்கிடம் சென்றேன். சக்கரம் திரும்பும் முளையைக் கழற்றினார். உள்ளே கட்டியாக இறுகிப்போன கிரீஸ் இருந்தது. “தம்பி, இந்த வண்டிக்கு இந்த இடத்தில் கிரீஸ் போடக் கூடாது. கெட்டி எண்ணெய்தான் விட வேண்டும். இல்லாவிட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும்” என்றார். ஹெரால்டு காருடன் வந்த கைப்புத்தகம் என்னிடம் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை அவர் மறந்திருந்தால் என் குடும்பத்துக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அஞ்சுகிறேன்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மில் பலர் வீட்டில், பாட்டனாரோ தந்தையாரோ விட்டுச்சென்ற காரோ, ஸ்கூட்டரோ, தையல் யந்திரமோ இருக்கக்கூடும். அதனைப் பட்டறைக்கு அனுப்புமுன் சில காரியங்களைச் செய்யலாம். முதலில் எல்லாப் பக்கங்களிலும் புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். எதைத் தொடக் கூடாது என்பதைத் தாளில் எழுதித் தொழிலாளியிடம் தரலாம். கழற்றிய உறுப்பு பயன்படாதெனினும், ஒரு பையில் கட்டி வைக்கலாம். பழைய பில், பதிவுப் புத்தகம், கைப்புத்தகம் ஆகியவற்றை எறியாதிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை செய்தவரின் பெயரையும், அவர் சொன்ன குறிப்புகளையும் எழுதிவைக்கலாம். மன்னர்களின் பெயர்களும் கம்பெனிகளின் பெயர்களும் நூல்களில் உள்ளன. நீலச் சாயம் தடவி இழைத்த கைகளுக்கு உரிய பெயர்களை நாம் எழுதாவிட்டால் வேறு எவரும் எழுதப்போவதில்லை.

என் தந்தையாரின் மைல் கணக்கை இனி மீட்க வழியில்லை. ஊர்ப் பெயர்கள் நினைவிருக்கின்றன; நேரமும் எண்களும் நினைவில் இல்லை. அவற்றை ஊகித்து எழுத என் மனம் ஒப்பவில்லை. அந்த மூடியின் உட்புறத்தில், முன்சக்கரத்தைச் சரிசெய்த மெக்கானிக்கின் பெயரையும், வேலை நடந்த தேதியையும், “கிரீஸ் கூடாது, எண்ணெய் மட்டும்” என்ற குறிப்பையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.